புதுத் தங்கமீனுக்கு 3 வாரம் தனித்தொட்டி!

சந்தையில் பிடித்துவந்த மாட்டை விவரமறிந்த விவசாயி அன்றே தொழுவத்தில் சேர்ப்பதில்லை. தங்கமீனுக்கும் அதே கணக்குதான். கடையில் துறுதுறுவென நீந்தும் மீனிலும் வெண்புள்ளி நோய் ஒட்டுண்ணி இருக்கலாம். வெளியே தெரியச் சில நாட்களாகும். அதற்குள் பழைய மீன்களுக்கும் பரவிவிடும்.

எனவே, புது மீனுக்கு 3 வாரம் தனித்தொட்டி, வலையும் தனி. பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்துவிட வேண்டும். பைத் தண்ணீரை ஊற்றக்கூடாது. தினமும் கால் பங்கு நீரைக் குளோரின் இல்லாத நீரால் மாற்ற வேண்டும்.

உப்புத் தூவியதுபோல் புள்ளிகள், ஒடுங்கிய துடுப்பு, உடலைத் தேய்த்தல் தெரிந்தால் சிகிச்சை முடியும்வரை சேர்க்கக்கூடாது. ஒரு மீனுக்கு அவசரப்பட்டால் தொட்டியே காலியாகும்.