படகில் நிற்கும் தண்ணீர் யார் பொறுப்பு?

மழை விட்ட மறுநாள் புதுச்சேரியின் வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கரையேற்றிக் கிடக்கும் ஃபைபர் படகில் ஒரு சாண் தண்ணீர் நிற்கும். மூடி போன ஐஸ் பெட்டியிலும் தார்ப்பாய் மடிப்பிலும் தெளிந்த மழைநீர். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இதைத்தான். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

அந்தத் தண்ணீருக்கு யார் பொறுப்பு? குப்பை அள்ளுவது, வாய்க்கால் தூர்வாருவது, பிறப்பு இறப்பைப் பதிவது எல்லாம் இந்த ஊர் அடங்கிய அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தின் வேலை. கொம்யூன் என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற பெயர். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகள், ஐந்து நகராட்சிகள். காய்ச்சல் வந்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம், கிராமச் செவிலியர், ஆஷா பணியாளர் என்று சுகாதாரத்துறையின் கைக்குப் போகிறது. குடிநீர்க் குழாய் பொதுப்பணித்துறையின் ஒரு பிரிவிடம். அந்தப் பிரிவின் பெயரே பொது சுகாதாரக் கோட்டம்தான்!

ஒரே தெருவின் ஆரோக்கியம் மூன்று அலுவலகங்களில் கிடக்கிறது. மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் உரிமை, ஊர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினருக்குத்தான் இருக்க முடியும். 1992-ல் நிறைவேறிய 73-வது அரசியல் சட்டத் திருத்தம், குடிநீர் முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. ஆனால் புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் வழக்கில் சிக்கி நின்றுபோனது. அதிகாரிகள்தான் நிர்வாகம் செய்கிறார்கள். அவர்கள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். வாய்க்கால் இங்கேயேதான் இருக்கும்.

வழி தெரியாமல் நாம் தவிக்கவில்லை. 1975-ல் புதுச்சேரியில் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம், 1980-களில் யானைக்கால் நோய் பரப்பும் கொசுவை நகரில் ஐந்தாண்டு கட்டுப்படுத்திக் காட்டியது. மருந்தை மட்டும் நம்பாமல், நீர் தேங்கும் இடங்களையே ஒழித்தார்கள். அப்படிப்பட்ட வேலையை வாரம் தவறாமல் செய்ய வேண்டியது உள்ளாட்சிதான்.

ஆடியில் செங்கழுநீர் அம்மன் தேருக்கு வடம் பிடிக்க, பிரெஞ்சு ஆட்சிக்கால வழக்கப்படி, துணைநிலை ஆளுநரே இந்த ஊருக்கு வருகிறார். ஊர் அவர் முன் வைக்க வேண்டிய கோரிக்கை இது: உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்கள். அது நடக்கும்வரை, ஞாயிறுதோறும் படகுத் தண்ணீரை நாமே இறைத்துவிடுவோம்.