துணை எஞ்சின் தூங்கிவிட்டால்?

கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்கு மின்சாரக் காரில் புறப்படுகிறீர்கள். வழியில், பனங்காட்டு நடுவே, பாட்டரி இளைத்துவிடுகிறது. "பயப்படாதே, துணைக்குப் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறதே!" என்கிறார் உங்கள் கணவர். அந்தத் துணையே கிளம்ப மறுத்தால்?

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஐ3 காரில், விரும்பியவர்களுக்கு இப்படி ஓர் எஞ்சினையும் வைத்துக் கொடுத்தார்கள். 647 சி.சி., இரண்டு சிலிண்டர். அது சக்கரத்தைச் சுழற்றாது. மின்சாரம் உற்பத்தி செய்யும், அவ்வளவுதான்.

இத்தகைய எஞ்சினுக்குச் சும்மா கிடப்பதே பெரிய பகை. பரணில் கிடந்த குடை மழையன்று விரிய மறுக்குமே, அந்தக் கதைதான்! மாதக்கணக்கில் ஓடாவிட்டால் பெட்ரோல் கெட்டு, பிசுபிசுத்து, குழாய் வழியை அடைக்கும்.

எஞ்சின் கிளம்பவில்லையா? பெட்ரோல் பழசா என்று முதலில் யோசியுங்கள். அடுத்து 12 வோல்ட் சிறு பாட்டரியையும், பிறகு எண்ணெய் அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் தொடவே கூடாது. அவற்றில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்சாரம். அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

எல்லாவற்றையும்விட நல்லது, காரின் கையேடு சொல்கிறபடி அவ்வப்போது எஞ்சினை ஓடவிடுவதுதான். ஆபத்துக்கு உதவ வேண்டியவனைச் சௌகரியமான நாளிலேயே எழுப்பிப் பார்த்துவிடுங்கள். கருப்பட்டியோடு கவலையில்லாமல் வீடு திரும்பலாம்!