குரல் போய்விடுமா, அண்ணி?

“நெத்திலி... சங்கரா...” என்று என் நாத்தனார் தெருமுனையில் குரல் கொடுத்தால் எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்கும். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கூடையோடு வந்து விற்பவள் அவள். ஒரு தராசு, ஒரு கூடை, அந்தக் குரல். அவளுடைய முதல் அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். விழுங்கும்போது அவள் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கிற்று. எனக்குத் திக்கென்றது.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“அது கெடக்குது அண்ணி, வலியா இன்னா?” என்று சிரித்தாள்.

வலிக்காத கட்டியைத்தான் நம் பெண்கள் வருஷக்கணக்கில் முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொள்கிறோம். விடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசி குத்தி எடுத்துப் பார்க்கும் சோதனை எல்லாம் முடிந்தன. தைராய்டு கழலை, புற்றுநோய் இல்லை. ஆனால் வலப்புறம் பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்துகிறது, அந்தப் பாதியை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள்.

அங்கேதான் அவள் முகம் மாறியது. “மார்க்கெட்டுல ஒரு அக்காவுக்கு இத்தே ஆபரேசன் பண்ணி கொரலு பூடுச்சாம். என் கொரலு பூட்டா எவன் அண்ணி மீன் வாங்குவான்?” என்று நாலு மாதம் தள்ளிப்போட்டாள். படுத்தால் மூச்சுத் திணற ஆரம்பித்த பிறகுதான் மறுபடி வந்தாள்.

அன்று நாங்கள் பார்த்த டாக்டரம்மா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. “உன் பயம் நியாயமானதுதாம்மா” என்று சொல்லி, ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயின் முன்னால் பட்டாம்பூச்சி போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பின்புறத்தை ஒட்டியே, பக்கத்துக்கு ஒன்றாக, குரல் நாண்களை அசைக்கும் நரம்புகள் போகின்றன. அவை வரும் வழி விசித்திரமானது. மூளையிலிருந்து இறங்கும் பெரிய நரம்பிலிருந்து பிரிந்து, இடப்பக்கத்து நரம்பு நெஞ்சுக்குள் மகாதமனியையும், வலப்பக்கத்தது கைக்குப் போகும் ரத்தக்குழாயையும் கிணற்று ராட்டினக் கயிறு போலச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகின்றன. கனம் இடியாப்ப இழை அளவுதான். ஒன்று பழுதானால் குரல் கம்மும், தண்ணீர் குடித்தால் புரையேறும். இரண்டும் பழுதானால் மூச்சுக்கே ஆபத்து.

இன்னொரு நரம்பும் உண்டு. சுரப்பியின் மேல் நுனியில், ரத்தக்குழாய்களை ஒட்டி ஓடும் இன்னும் மெல்லிய கிளை அது. குரலை உச்சத்துக்கு ஏற்றுவது அதன் வேலை. பாடுகிறவர்களுக்கும் கூவி விற்கிறவர்களுக்கும் அது முக்கியம். 1935இல் அமெலிடா கல்லி-குர்சி என்ற பிரபல ஓபரா பாடகிக்குச் சிகாகோவில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. இந்தக் கிளை அடிபட்டதால்தான் அவருடைய பழைய குரல் திரும்பவில்லை என்று வெகுகாலம் பேசப்பட்டது. கழலையினால் முன்பே குரல் நலிந்திருந்தது என்று பிற்காலத்து மருத்துவர்கள் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். எப்படியானாலும், அந்தச் சின்னக் கிளையை மறக்கக் கூடாது என்று அறுவை மருத்துவர்களுக்கு நினைவூட்டும் பெயராக அவர் பெயர் நிலைத்துவிட்டது.

“அப்போ அந்த நரம்புப் பக்கமே போகாம இருக்கலாமே?” என்று நான் கேட்டேன்.

“முன்காலத்தில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். தெரியாத இடத்தில் கத்தி வைப்பதுதான் அபாயம்” என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு ஆபரேஷனிலும் நரம்பைத் தேடிக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று 1938இல் அமெரிக்க டாக்டர் ஃபிராங்க் லேஹி வற்புறுத்தினார். இன்றைக்கும் அதுதான் முதல் பாதுகாப்பு. சில ஆஸ்பத்திரிகளில், மூச்சுக்கு வைக்கும் குழாயிலேயே மின்முனைகள் பொருத்தி, நரம்பைத் தொட்டால் ஒலி எழுப்பும் கருவியும் வைத்திருக்கிறார்கள். அது உதவிதான், டாக்டரின் கண்ணுக்கும் கைக்கும் பதில் ஆகாது. பழகிய கைகளில் நிரந்தரமாகக் குரல் கெடுவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான்.

ஆபரேஷனுக்கு முன்பே தொண்டைக்குள் கேமரா விட்டுக் குரல் நாண் இரண்டும் அசைகின்றனவா என்று பார்த்தார்கள். கழலையே சில சமயம் நரம்பை நசுக்கியிருக்கும். முன்னால் பார்த்து வைத்தால்தான் பின்னால் விஷயம் புரியும்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் மறுநாள் அவள் வாய் திறந்தபோது காற்றுத்தான் வந்தது. அழுதுவிட்டாள், பாவம். மறுபடி கேமரா விட்டுப் பார்த்ததில் வலப்பக்கத்து நாண் மந்தமாக இருந்தது. “நரம்பு அறுபடலை, கண்ணால பார்த்தேன். இழுபட்டு அசந்திருக்கு” என்றார் டாக்டரம்மா. இப்படி அசந்துபோன நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுமாம்; சிலருக்கு ஒரு வருஷம் வரை ஆகுமாம். தேறாவிட்டாலும் குரலைச் சீராக்கச் சிகிச்சைகள் உண்டாம்.

அதுவரை தாடையைத் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தாள். குரல் பயிற்சிக்குப் போனாள். கூடைக்குப் பக்கத்தில் அவள் மகள் நின்று விலை கூவினாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால் மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். தைராய்டு ஆபரேஷன் நீங்கள் அடிக்கடி செய்வதுண்டா? நரம்பைக் கண்ணால் பார்த்துத்தான் செய்வீர்களா? முன்னும் பின்னும் குரல் நாணைச் சோதிப்பீர்களா? பாட்டு டீச்சர், பள்ளி ஆசிரியை, வியாபாரி என்று குரலால் பிழைப்பவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் ஆன பிறகு கழுத்து திடீரென்று வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் “சங்கரா...” என்றது ஒரு குரல். பழைய கணீர் இல்லை. முடிவில் சற்றுக் கம்மிற்று. ஆனாலும் அடுப்படி வரை கேட்டது.