வலி தீர்க்கும் மாத்திரையும் பல கைகளின் பொறுப்பும்

கடைக்கு வந்த சேலையில் பழுது காணப்பட்டால் வியாபாரி நெசவாளரைச் சுட்டுவார். நெசவாளர் பாவு ஓட்டியவரைச் சுட்டுவார். அவர் நூற்பாலையைச் சுட்ட, ஆலையாரோ பருத்தி சரியில்லை என்று கூறிவிடுவர். நம் சங்கங்களில் இவ்வழக்குப் புதிதன்று. ஆனால் பழுதுற்றது துணியாக இராமல் மனித உயிராக இருப்பின் அப்பொறுப்பை எங்ஙனம் பங்கிடுவது? ஐக்கிய அமெரிக்காவில் வலி தீர்க்கும் மாத்திரைகளால் விளைந்த கேடு இக்கேள்வியையே எழுப்பியுள்ளது. 1999 முதல் 2021 வரை அந்நாட்டில் அபின் இனத்து மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டு மாண்டவர் ஏறக்குறைய 6,45,000 பேர். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளும், கள்ளச் சந்தையில் விற்ற ஹெராயின், பென்டனில் போன்றவையும் இக்கணக்கில் அடங்கும்.

கசகசாச் செடியின் காயில் ஊறும் பாலே அபின். அதனின்று மார்பின், தீபெயின் முதலிய சத்துக்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. தீபெயினைக் கொண்டு ஆக்ஸிகோடோன் என்னும் மருந்தைச் செய்கின்றனர். இது கடும் வலியை அடக்குவதில் வல்லது. அத்துடன் ஒருவித இன்ப மயக்கத்தையும் தரும். சில காலம் தொடர்ந்து உண்டால் உடல் அதற்குப் பழகிப்போய், முன்னையளவு போதாதென்னும் நிலை வரும். நிறுத்தினாலோ நடுக்கமும் வயிற்றுப்போக்கும் உறக்கமின்மையும் வாட்டும். அளவு மீறினால் மூச்சுத் தளர்ந்து நின்றுவிடும். மரணம் பெரும்பாலும் அவ்வழியே வருகின்றது.

1996-ஆம் ஆண்டில் பர்டியூ பார்மா என்னும் கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொணர்ந்தது. மருந்து 12 மணி நேரம் சிறிது சிறிதாக உடலிற் சேர்வதால், தீய பழக்கத்திற்கு இடம் குறைவு என நம்பப்படுவதாக அதன் விளக்கச் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அதற்கு அரசாங்க மருந்துத் துறையின் ஒப்புதலும் இருந்தது. மாத்திரையைப் பொடித்துவிட்டால் முழு மருந்தும் ஒரே கணத்தில் உடலிற் பாயும் என்பதைப் பழக்கத்திற்கு அடிமையானோர் விரைவிலேயே கண்டுகொண்டனர். அவ்வாசகம் 2001-இல் நீக்கப்பட்டது. 2007-இல் அக்கம்பெனியைச் சார்ந்த நிறுவனம், அடிமைப்படுத்தும் தன்மையைக் குறைத்துக் கூறி மருந்தை விற்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. விதிக்கப்பட்ட தொகை 60 கோடி டாலருக்கு மேல்.

மருத்துவர்கள் இதனை நம்பியது ஏன்? 1980-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளிவந்தது. மருத்துவமனையில் தங்கி இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரே அடிமைப்பட்டதாகக் காணப்பட்டது என்பது அதன் சாரம். சில நாள் கண்காணிப்பில் இருந்த நோயாளிகளைப் பற்றிய இக்குறிப்பை, வீட்டிலிருந்தபடியே மாதக்கணக்கில் உண்போருக்கும் பொருந்துமென்று பின்வந்தோர் பலர் எடுத்தாண்டனர். கடிதத்தைப் படித்தவர் எத்தனை பேர், படித்ததாகப் பிறர் கூறியதை நம்பினவர் எத்தனை பேர் என்று வியக்கத் தோன்றுகிறது.

விநியோகஸ்தர்களின் நிலையோ இன்னும் வியப்புக்குரியது. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்னும் சிற்றூரின் மக்கள் தொகை அக்காலத்தில் சுமார் 400. அவ்வூர் மருந்துக்கடை ஒன்றுக்கு இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 90 லட்சம் வலி மாத்திரைகள் சென்றிறங்கின. சந்தேகத்திற்குரிய கொள்முதலைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வண்டியில் ஏற்றியவர், இறக்கியவர், கணக்கெழுதியவர் யாவர் கண்ணிலும் அவ்வெண் பட்டிருக்கும். ஆண்டுதோறும் உற்பத்தி உச்சவரம்பை விதிக்கும் போதை மருந்துத் தடுப்பு இலாகாவும், 2002-க்கும் 2013-க்கும் இடையே ஆக்ஸிகோடோன் வரம்பை நான்கு மடங்குக்கு மேல் கூட்டியது. அவ்வாண்டுகளில் மரணமும் கூடிக்கொண்டேயிருந்தது.

இத்தொடரின் முதற் கண்ணி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவிலுள்ள வயல்கள். தீபெயின் மிகுந்த கசகசா வகை 1990-களில் அங்கே உருவாக்கப்பட்டது. அனுமதி பெற்று வேலியிட்டுப் பயிரிட்ட அவ்வுழவர்மீது பழி சுமத்துதல் முறையன்று. ஆயினும் வேண்டிய மட்டும் மூலப்பொருள் கிட்டியிராவிடில் இத்தனை மாத்திரைகள் பிறந்திரா.

வீடுகளையும் விட்டுவிடலாகாது. இம்மருந்தைத் தவறாக உண்டோரை அந்நாட்டு அரசாங்கம் விசாரித்தபோது, உறவினரிடமோ நண்பரிடமோ இலவசமாகப் பெற்றதாகக் கூறினோர் பாதிக்கு மேற்பட்டவர். பல் பிடுங்கிய பின் மிஞ்சியவை, பாட்டியார் இடுப்பு நோவுக்கு வாங்கியவை என அலமாரியிற் கிடந்தவையே அவை. 2010 முதல் குறிப்பிட்ட நாட்களில் இவற்றைத் திரும்பப் பெற்று அழிக்கும் ஏற்பாடு நடைபெறுகிறது.

வழக்குகளின் முடிவில், 2022-இல் மூன்று பெரும் விநியோகக் கம்பெனிகளும் ஜான்சன் அண்டு ஜான்சனும் சேர்ந்து 2,600 கோடி டாலர் வரை தவணைகளில் செலுத்த இணங்கின, குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பர்டியூவின் உரிமையாளர் குடும்பத்தைப் பிற்கால வழக்குகளினின்று காக்கும் ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024-இல் தள்ளிற்று.

கேட்டை நிறுத்தப் புகுந்த கைகளும் சில வேளை தவறின. 2016-இல் மருந்தைக் குறைக்குமாறு வழிகாட்டு நெறி வெளிவந்ததும், பல மருத்துவர் நெடுநாள் நோயாளிகளுக்குத் திடீரென நிறுத்திவிட்டனர். தாளாத வலியாலும் மருந்து நின்ற வேதனையாலும் சிலர் தற்கொலையை நாடினர். இவ்வாறு நிறுத்தலாகாதென மருந்துத் துறை 2019-இல் எச்சரித்தது. நெறியும் 2022-இல் திருத்தப்பட்டது. நோயாளியுடன் கலந்து, சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும் என்பதே அத்திருத்தத்தின் பொருள்.