வியர்வையும் தாதுச் சமநிலையும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலின் பெருமையை யாவரும் அறிவர். பீங்கானின் மேற்பூச்சிலே கோபால்ட்டு என்னும் உலோகம் மிகச் சிறிதளவு சேர்ந்தால் அழகிய நீலம் பிறக்கும்; மிஞ்சினால் நிறம் கறுத்துவிடும். அதே கோபால்ட்டு, பி-12 என்னும் உயிர்ச்சத்தின் நடுவே அணுவளவாய் அமைந்து, நம் உடலில் இரத்தம் உண்டாவதற்கும் துணை செய்கின்றது. கலத்திற்கும் காயத்திற்கும் அளவே முதன்மை.

நிற்க. சூளை முன் உழைப்போரும், ஓட்டம் பந்தாட்டம் முதலியவற்றில் ஈடுபடுவோரும் வியர்வையால் இழப்பன யாவை? கடும் வெப்பத்திலே ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை வெளிப்படக்கூடும். அதில் பெரும்பகுதி நீர், அடுத்தது சோற்றுப்பு. அது லிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 4 கிராம் வரை ஆளுக்கு ஆள் வேறுபடும். பொட்டாசியம் அதனினும் மிகக் குறைவு. இரும்பு, துத்தநாகம், செம்பு ஆகியனவோ பெரும்பாலும் ஒரு மில்லிகிராமையும் எட்டா.

வெறும் நீரை மிகுதியாகப் பருகிய சுரங்கத் தொழிலாளர்க்குத் தசைப்பிடிப்பு நேர்வதையும், உப்பிட்ட நீர் அதனைத் தடுப்பதையும் இங்கிலாந்தில் மாஸ் என்பார் 1923-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 2002-இல் பாஸ்டன் நெடுந்தூர ஓட்டத்தில் சோதிக்கப்பட்ட 488 பேருள் நூற்றுக்கு 13 பேருக்கு இரத்தத்திற் சோடியம் குறைந்திருந்தது. அளவிறந்து நீர் பருகி உடலெடை கூடியதே அதற்குத் தலையாய காரணமாகக் காணப்பட்டது. இக்குறை முற்றினால் மயக்கமும் மரணமும் நேரலாம்.

ஆகவே நெடுநேரம் வியர்ப்போர்க்கு உப்பிட்ட மோரும் நீராகாரமும் ஏற்றன. தாகமே நீரின் அளவைக் காட்டும். இரத்த அழுத்தம் உடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே உப்பை மிகுத்தல் வேண்டும். சிற்றளவுத் தாதுக்களைக் கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை, மீன் முதலிய உணவுகளே தரும். இதை விடுத்து, வலிமை பெருகுமென்று மாத்திரைகளை நாடுதல் நன்றன்று. துத்தநாகத்தை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் குடல் செம்பை ஏற்பது குறையும். அதனால் இரத்தசோகையும் விளையக்கூடும். இரும்புக்குறை ஐயுறப்படின், இரத்தத்தைச் சோதித்து அறிந்த பின்னரே மருந்துண்ணல் முறை.

மிகுதியும் குறைவும் ஒருங்கே நோய் செய்யும் என்பதை வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் முதற்கண்ணே வைத்தார். விளையாட்டுத் திடலில் நிற்கும் மாணவரும் சூளையருகே நிற்கும் தொழிலாளரும் மறவாது கொள்ளத்தக்கது அதுவே.