பட்டம் வாங்காத பெண், பட்டதாரிகளுக்கு வழிகாட்டி!

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகம். அங்கே எம்.ஏ. பட்டத்துக்கும் டாக்டர் பட்டத்துக்கும் மாணவர்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாம், 1930-ம் ஆண்டு முதல் 1958-ம் ஆண்டு வரை, ஒரு பெண்ணின் மேஜைக்கு வந்தன. அவர் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் பட்டம்!

அந்தப் பெண் கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்காதவர்.

அவர் பெயர் கேட் டுரேபியன்.

நோயினால் நின்ற படிப்பு

டுரேபியன் அம்மையார் 1893-ம் ஆண்டு சிகாகோவில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் கடுமையான நோய் வந்தது. படிப்பு நின்றுபோயிற்று.

பிறகு ஒரு விளம்பரக் கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை பார்த்தார். 1925-ல் பல்கலைக்கழகத்தில் காரியதரிசி வேலை கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சரிபார்க்கும் காரியதரிசி ஆனார்.

கட்டுரையில் உள்ள ஆராய்ச்சி சரியா, தவறா என்று பார்ப்பது பேராசிரியர்களின் வேலை. அது எழுதப்பட்டிருக்கும் முறை சரியா என்று பார்ப்பது அம்மையாரின் வேலை. ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும்? தலைப்பு எங்கே வர வேண்டும்? அடிக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? எல்லாவற்றையும் பார்ப்பார்.

அடிக்குறிப்பு எதற்கு?

"இது என்ன, புள்ளியும் கமாவும் பார்க்கிற வேலைதானே!" என்று தோன்றும். அப்படி அல்ல.

ஒரு மாணவர், "சிகாகோவில் இன்ன ஆண்டில் இத்தனை பேர் குடியேறினார்கள்" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவருக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒரு புத்தகத்தில் படித்திருப்பார். அந்த வாக்கியத்தின் முடிவில் சின்னதாக 1 என்று எண் போட வேண்டும். பக்கத்தின் அடியில் அதே எண்ணைப் போட்டு, புத்தகத்தை எழுதியவர் பெயர், புத்தகத்தின் பெயர், வெளியான ஊர், வெளியிட்டவர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.

ஆண்டு எதற்கு? அதே புத்தகம் மறுபடியும் அச்சாகும்போது பக்க எண் மாறிவிடும். ஆண்டு தெரியாவிட்டால் பக்க எண் தெரிந்தும் பயன் இல்லை.

கட்டுரையைப் படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால், நேரே நூல் நிலையத்துக்குப் போய் அந்தப் பக்கத்தைப் புரட்டலாம். மாணவர் சொன்னது உண்மையா என்று பார்க்கலாம். குறிப்பே போடாவிட்டால்? பிறர் கண்டுபிடித்ததைத் தன் சொந்தச் சரக்காகக் காட்டுவதாகிவிடும். அதற்குத் திருட்டு என்று பெயர்!

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் டைப்ரைட்டர்தான். பக்கத்தின் அடியில் எத்தனை வரிக் குறிப்பு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து இடம் விட வேண்டும். கணக்குத் தப்பினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். கார்பன் வைத்து எடுத்த நகல்களும் வீண்! மாணவர்கள் பயந்ததில் வியப்பில்லை. ஆனால் நியாயம் அம்மையார் பக்கம்தான்.

சிறு புத்தகம்

1937-ல், எழுதும் முறைகளைத் திரட்டி மாணவர்களுக்காக 64 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் தயாரித்தார். அது மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. 1955-ல் பல்கலைக்கழக அச்சகமே அதை வெளியிட்டது.

அம்மையார் 1987-ல், 94-வது வயதில் காலமானார். புத்தகம் நிற்கவில்லை. ஆங்கிலப் பேராசிரியர்கள் மூவர் அதை விரிவாக்கி 2007-ல் 7-ம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். எழுத்தைச் சரிபார்க்க உதவிய புத்தகம் இப்போது சிந்திக்கவும் சொல்லிக்கொடுத்தது.

"டிராம் வண்டியைப் பற்றி எழுதுகிறேன்" என்று ஒரு மாணவர் சொன்னால் போதாது. "சிகாகோவில் டிராம் வண்டி 1958-ல் ஏன் நின்றது என்று அறிய விரும்புகிறேன்" என்று சொன்னால், அங்கே கேள்வி பிறக்கிறது. "ஒரு நகரம் தன் வண்டிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது அதனால் புரியும்" என்று மூன்றாவதாகச் சொல்ல முடிந்தால்தான் மற்றவர்கள் காது கொடுப்பார்கள்.

எழுதியதைச் சபையில் பேசுவதற்கும் அதில் யோசனை உண்டு. வரி விட்டு டைப் அடித்த ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சுமார் 2 நிமிடம் ஆகும். 20 நிமிடப் பேச்சு என்றால் 10 பக்கத்துக்கு மேல் போகாது. 100 பக்கக் கட்டுரையை அதில் அடைக்க முடியுமா? ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். படிப்பவர் புரியாவிட்டால் பின்பக்கம் புரட்டுவார். கேட்பவரால் அது முடியாது. ஆகவே வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும். காகிதத்தைப் பார்த்து ஒப்பிக்கவும் கூடாது.

புத்தகத்தின் 9-ம் பதிப்பு 2018-ல் வந்தது. இதுவரை 90 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அட்டையில் முதல் பெயர் கேட் டுரேபியன்தான்.