உள்ளங்கால் வளைவும் ஆடுகளச் சமநிலையும்

1870களில் புணே நகரில் ஆங்கிலேயப் படை அதிகாரிகள் விதி வகுத்து ஆடிய இறகுப்பந்து, இன்று நாடெங்கும் வேரூன்றிய விளையாட்டாகிவிட்டது. 1980இல் பிரகாஷ் படுகோனும் 2001இல் கோபிசந்தும் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றனர். 2012இல் சாய்னா நேவாலும், அடுத்த இரு ஒலிம்பிக் போட்டிகளில் பி.வி. சிந்துவும் பதக்கம் கொணர்ந்தனர். இவ்வெற்றிகளால் ஊக்கம் பெற்று, அலுவலகம் செல்லும் முன்போ திரும்பிய பின்போ ஒரு மணி நேரம் மட்டையேந்தும் நடுத்தர வயதினரை இன்று எந்த நகரிலும் காணலாம்.

இவர்களுள் பலர் மட்டையின் எடையையும் நரம்பின் இறுக்கத்தையும் நுணுகி ஆராய்ந்து வாங்குகின்றனர். ஆனால் ஆட்டம் முழுவதும் உடலைத் தாங்கும் பாதங்களைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் குறைவு. கணுக்கால் சுளுக்கோ குதிகால் வலியோ வந்து, வாரக்கணக்கில் ஆட்டத்தை நிறுத்த நேரும்போதுதான் பாதம் நினைவுக்கு வருகிறது.

வளைவு செய்யும் பணி

மனிதப் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. இவ்வெலும்புகள் தட்டையாக அடுக்கப்படாமல், உட்புறம் நெடுக ஒன்று, வெளிப்புறம் நெடுக ஒன்று, குறுக்கே ஒன்று என மூன்று வளைவுகளாக அமைந்துள்ளன. இவற்றுள் உட்புற வளைவே உயரமானது. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் உறுதியான நார்ப்பட்டை ஒன்று, வில்லுக்கு நாண் போல இவ்வளைவை இழுத்துப் பிடிக்கிறது.

கால் தரையில் ஊன்றும்போது வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியை ஏற்கிறது. குதிகால் எழும்பி விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது நார்ப்பட்டை இறுகி, வளைவு உயர்ந்து, பாதம் உறுதியான நெம்புகோலாகிறது. வலையோரம் விழும் இறகுப்பந்தை எட்டி எடுக்க முன்காலை நீட்டி ஊன்றும் கணத்தில், உடல் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலான விசை அந்த ஒரு காலில் இறங்கக்கூடும். அதை ஏற்பதும், அடுத்த நொடியே உடலைப் பின்னுக்குத் தள்ளி மீட்பதும் அதே பாதத்தின் பணியாகும்.

மேல்நோக்கும் கண்கள்

நம் உடலின் சமநிலை மூன்று வாயில்களின் வழியே காக்கப்படுகிறது. முதலாவது கண். இரண்டாவது உட்செவி. மூன்றாவது உள்ளங்காலிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்குச் செல்லும் உணர்வு. நடக்கும்போது இம்மூன்றும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. உயர எழும் இறகுப்பந்தைத் தொடரும்போதோ, கண்கள் தரையை விட்டு விலகி, தலை பின்னுக்குச் சாய்கிறது. அவ்வேளையில் முதல் இரண்டு வாயில்களின் உதவி குறைய, பாதத்தின் உணர்வும் தசைகளின் விரைவுமே விழாமல் காக்கின்றன. பின்கோட்டருகே தலைக்கு மேல் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது நிலைதடுமாறுவது இதனால்தான் எளிதாக நேர்கிறது.

உங்கள் பாதம் எவ்வகை?

இதனை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பாதத்தை நனைத்து, உலர்ந்த சிமெண்டுத் தரையிலோ பழைய செய்தித்தாளிலோ அழுத்தி நின்று, பதிந்த தடத்தைப் பாருங்கள். கோகுலாஷ்டமியன்று அரிசிமாவால் இடும் கண்ணன் பாதம்போல் உட்புறம் குழிந்திருந்தால் அது இயல்பான வளைவு. குழிவின்றி முழுப் பாதமும் பதிந்திருந்தால் தட்டைப் பாதம். முன்பாதமும் குதிகாலும் மெல்லிய கோடொன்றினால் மட்டும் இணைந்தோ, இணையாமலோ இருந்தால் உயர்வளைவுப் பாதம்.

தட்டைப் பாதத்தில் கால் உட்புறமாகச் சரியும் போக்கு உண்டு. உயர்வளைவுப் பாதம் தரையைத் தொடும் பரப்பு குறைவு. அது விறைப்பானதாகையால் அதிர்ச்சியை ஏற்பதும் குறைவு. கணுக்கால் வெளிப்புறம் பிரளும் வாய்ப்பும் மிகுதி. எனினும், வளைவின் வடிவத்தைக் கொண்டே ஒருவரது சமநிலையைத் தீர்மானித்துவிட இயலாது. தட்டைப் பாதத்துடன் வலியேதுமின்றி நெடுங்காலம் ஆடுவோரும் உளர். அழகிய வளைவு இருந்தும் ஒற்றைக் காலில் நிற்க இயலாதோரும் உளர். குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்கும்போது தட்டைப் பாதத்தில் வளைவு தோன்றுமாயின் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலியில்லாதவரை அதற்குப் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

கர்நாடகத்தின் மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள், 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலுடன் வளர்ந்தோரிடையே அது 2.8 விழுக்காடே. காலணிக்குள் அடங்கிய பாதத்தின் சிறு தசைகளுக்குப் போதிய வேலை இல்லாமற்போவது இதற்குக் கூறப்படும் விளக்கமாகும். வளர்ந்தபின் எலும்பின் அமைப்பை மாற்றுவது அரிது. ஆனால் அத்தசைகளுக்கு மீண்டும் வேலை கொடுப்பது எவ்வயதிலும் இயலும்.

பத்து நிமிடப் பயிற்சி

முதலில் உங்கள் நிலையை அறிந்துகொள்ளுங்கள். சுவரருகே வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் 10 வினாடிகள் நில்லுங்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவரால் இது இயலவில்லை. இரு கால்களிலும் தனித்தனியே செய்து பார்த்தால், எந்தக் கால் தளர்ந்தது என்பதும் புலப்படும்.

பின்னர் நாள்தோறும் மூன்று பயிற்சிகளைச் செய்யலாம். நாற்காலியில் அமர்ந்து, விரல்களை மடக்காமல், முன்பாதத்தைக் குதிகாலை நோக்கி இழுத்து வளைவை உயர்த்துங்கள். 5 வினாடிகள் நிறுத்தித் தளர்த்துங்கள். பத்து முறை செய்யுங்கள். அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்குங்கள். மூன்றாவதாக ஒற்றைக் கால் நிலை. அது எளிதானபின், அதே நிலையில் தலையை மெல்ல மேலே உயர்த்திப் பழகுங்கள். ஆடுகளத்தில் உங்கள் பாதம் சந்திக்கும் சோதனை இதுவே. தடுமாறினால் பற்றிக்கொள்ளச் சுவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

காலணியிலும் கவனம் தேவை. ஓட்டப்பயிற்சிக் காலணி முன்னோக்கிய இயக்கத்திற்காக ஆனது. அதன் தடித்த, உயர்ந்த அடிப்பகுதி பக்கவாட்டில் பாயும்போது கணுக்காலைப் பிரளச் செய்யலாம். இறகுப்பந்துக்குரிய காலணியின் அடிப்பகுதி தாழ்வானது. தரையைப் பற்றும் ரப்பரால் ஆனது. பழைய காலணியைக் கவிழ்த்துப் பார்த்து, ஒருபுறம் மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எப்போது மருத்துவரை நாடவேண்டும்?

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் குத்தும் வலி வாரக்கணக்கில் தொடர்ந்தால், எலும்பு மூட்டு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ அணுகுங்கள். நடுவயதில் ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாகத் தொடங்கினாலும் அவ்வாறே. ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் குதிகாலின் மேற்புறம் உணர்ந்தால், அது குதிகால் நாண் அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை செல்லுங்கள். முன்னணி வீரர்களும் இதற்கு விலக்கல்லர். 2022 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற சிந்து, இடது பாதத்தில் ஏற்பட்ட அழுத்த முறிவு காரணமாக அவ்வாண்டின் உலகச் சாம்பியன் போட்டியில் ஆடாமல் ஓய்வெடுத்தார்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின் மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அவர்கள் 10 கோடிக்கும் மேற்பட்டோர். நீரிழிவால் உள்ளங்கால் உணர்வு மங்கினால் சமநிலை குறைவதோடு, காயம் பட்டதும் தெரியாமற்போகும். இவர்கள் வெறுங்கால் பயிற்சியைத் தவிர்த்து, மருத்துவரிடம் பாதங்களைச் சோதித்துக்கொண்ட பின்னரே ஆடுகளம் இறங்கவேண்டும்.

மற்றவர்கள் இன்றே தொடங்கலாம். இரவில் பல் துலக்கும் நேரத்தில், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, பாதி நேரம் வலக்காலிலும் மீதி நேரம் இடக்காலிலும் நில்லுங்கள். சில வாரங்களில் சுவரிலிருந்து கையை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.